கொங்கு நாட்டிலிருந்து மூளை ஆராய்ச்சிக்கு: பிஎச்.டி. வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலும் பயோகெமிஸ்ட்ரியும் பயோடெக்கும் படிக்கிற பிள்ளைகளில் மூளை ஆராய்ச்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். நீட் தேர்வுக்கும் ஜேஇஇ தேர்வுக்கும் தெருவுக்கு ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது. இதற்குப் போய்க் கேட்க ஓர் ஆள் கிடையாது. வீட்டில் கேட்டால் "அதப் படிச்சா என்னுங்க வேலை கிடைக்கும்?" என்ற கேள்விதான் திரும்பி வரும்.

கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே எண்ணத்தை ஒட்டியவை. நியூரோசயின்ஸ், அதாவது நரம்பு அறிவியலில் பிஎச்.டி. என்பது ஓர் ஆளிடம் ஐந்தாறு வருடம் கூடவே இருந்து தொழில் பழகுவது. சென்னிமலையில் தறி பழகப் போகிறவர் எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை, யாருடைய தறி என்றுதான் பார்ப்பார். நாமோ நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, கைடு யார் என்பதைக் கடைசியில் யோசிக்கிறோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"எனக்கு மூளை பிடிக்கும்" என்றால் எந்த லேபும் அசையாது. எந்த நோய், எந்த செயல்பாடு, எந்த உயிரி என்று இறங்கி வர வேண்டும்.

உயிரியிலிருந்தே தொடங்கலாம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. சுண்டெலிக்கு ஏறத்தாழ 7 கோடி. பழ ஈக்கு 1.4 லட்சம்தான், ஒரு பெண் ஈயின் முழு மூளை இணைப்பு வரைபடமே 2024இல் வெளியாகிவிட்டது. சி. எலிகன்ஸ் புழுவுக்கு வெறும் 302. நினைவு எப்படிப் பதிகிறது என்ற கேள்வியை ஈயிடமும் கேட்கலாம், எலியிடமும் கேட்கலாம். ஆனால் செலவும், அனுமதியும், முடிக்க ஆகும் காலமும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். பழ ஈ லேப் மலிவானது. மைசூர்ப் பக்க ஆய்வகங்களில் ஈக்குப் போடும் தீனி ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட், கெடாமல் இருக்கக் கொஞ்சம் புரோபியோனிக் அமிலம். வெல்லத்துக்குப் பேர்போன கவுந்தப்பாடிக்காரர்களுக்கு பாதிச் சரக்கு வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும். பெரிய எலி வீடு கட்ட முடியாத கல்லூரியிலும் ஈயை வைத்து உருப்படியான வேலை செய்யலாம். இதை நம் பக்கத்தில் யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்தது, நம் ஊர் தருகிற கேள்விகள். தோட்டங்களில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து உடலுக்குள் போனால் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி முடங்குகிறது. அசிட்டைல்கோலின் உடையாமல் நரம்பு இணைப்புகளில் தேங்குகிறது. கண்மணி சுருங்கும், எச்சில் பெருகும், தசை துடிக்கும், மூச்சு திணறும். ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும்போது, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகிற ஒரு நிலை உண்டு. அதை 1987இல் முதலில் தெளிவாக விவரித்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்கவும் கரல்லியத்தவும். அவர்கள் கையில் இருந்தது 10 நோயாளிகளின் விவரம். கோடி ரூபாய்க் கருவி எதுவும் இல்லை. நோயாளியின் பக்கத்திலிருந்து கவனமாகப் பார்த்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். பெருந்துறையிலோ கோவையிலோ சேலத்திலோ மருத்துவக் கல்லூரி வார்டில் நிற்பவருக்கு இந்த மாதிரிக் கேள்விகள் எதிரிலேயே வருகின்றன. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் அடிபட்டு வரும் தலைக்காயங்கள், கட்டுவிரியன் கடித்து இமை சரிந்து வருகிறவர்கள், பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளையில் தங்கி வலிப்பு வந்தவர்கள் எல்லாரும் நரம்பியல் ஆராய்ச்சிக்கான ஆட்கள்தான்.

இங்கே மஞ்சளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஈரோட்டுப் பக்கத்தில் பத்துப் பேர் மூளை ஆராய்ச்சி என்று கிளம்பினால் அதில் சிலராவது மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினில் போய் விழுவார்கள். ஊர்ப் பாசம் புரிகிறது; ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஆனால் குர்குமின் வாய்வழியே உள்ளே போனால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. கரைசலில் சீக்கிரம் சிதைகிறது. தானே ஒளிர்கிறது. பல புரதங்களோடு குறிப்பில்லாமல் ஒட்டுகிறது. அதனால் சோதனைக் குழாயில் 'வேலை செய்கிறது' என்று பொய்யாகக் காட்டும் மூலக்கூறுகளின் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதிய விரிவான மதிப்பாய்வு ஒன்று இதைப் பிட்டுப்பிட்டு வைத்தது. செல்லிலும் எலியிலும் நன்றாக வந்தது அல்சைமர் நோயாளிகளிடம் வரவில்லை. "குர்குமினின் நரம்புப் பாதுகாப்பு விளைவு" என்ற தலைப்பை யாராவது கையில் கொடுத்தால், இந்தக் குழறுபடிகளுக்கு எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள், இல்லை லேபை மாற்றுங்கள்.

படி 2: உங்கள் பட்டத்துக்கு எந்த வாசல்

மூன்று வருட பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இரண்டு வழி: எம்.எஸ்சி. முடித்து பிஎச்.டி., அல்லது இரண்டையும் சேர்த்தே படிக்கும் ஒருங்கிணைந்த பிஎச்.டி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த படிப்புக்கு, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வுதான் வாசல். ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமான என்பிஆர்சி, நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி. படிப்பையே நடத்துகிறது. நான்கு வருட இளங்கலையில் 75 சதவீதம் எடுத்திருந்தால் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறை இடம் தருகிறது.

பொறியியல் படித்தவர்கள் தங்களுக்கு இங்கே இடமில்லை என்று நினைக்கிறார்கள். மின்னணுவியலும் கணினியும் தெரிந்தவரை நியூரோசயின்ஸ் லேப்கள் தேடிப் பிடிக்கின்றன. மூளை அலைகளையும் எம்ஆர்ஐ படங்களையும் அலச வேண்டியவர்கள் அவர்கள்தான். சைக்காலஜி படித்தவர்கள் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் நரம்பு மற்றும் அறிதல் அறிவியல் மையத்தையும், காந்திநகர் ஐஐடியின் அறிதல் அறிவியல் முதுகலையையும் பாருங்கள்.

எம்பிபிஎஸ் முடித்தவர்கள் எம்.டி. பிசியாலஜி எடுக்கலாம், அல்லது நேராகவே பிஎச்.டி.க்குப் போகலாம். பல நிறுவனங்கள் எம்பிபிஎஸ் பட்டத்தை முதுகலைக்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாத வேலைதான் என்றாலும், எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதுவது, தரவு சேர்ப்பது, அறிக்கை முடிப்பது என்று ஒரு முழுச் சுற்று கைக்கு வந்துவிடும். நம்மவர்களில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்து, கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாய வலிக்குச் சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி கண்ட வி.எஸ்.ராமச்சந்திரன் இந்த வாசலில் போனவர்.

படி 3: சேர்வதற்கு முன்பே வேலை பழகுங்கள்

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்க்கப்படுவது லேப் அனுபவம். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப் மூலம் இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருக்கலாம். ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்துக்கும் தனிக் கோடைத் திட்டம் உண்டு. எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் பிராஜெக்டை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளாமல் வெளியே செய்ய அனுமதி கேளுங்கள். துறைத்தலைவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

லேப் கிடைக்காதவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப் போதும். பைத்தான் அல்லது ஆர், அடிப்படைப் புள்ளியியல் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆலன் நிறுவனத்தின் மூளை வரைபடம், ஓப்பன்நியூரோ தளத்தில் உள்ள எம்ஆர்ஐ தரவுகள் எல்லாம் இலவசம். சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தொகுப்பில் மனிதக் கருவின் மூளைச் சீவல்கள் 5,132 இருக்கின்றன. செல் அளவில் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதுவும் காசில்லாமல். கோபியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கரு மூளையின் புறணி அடுக்கடுக்காக உருவாவதைப் பார்க்க முடிகிறது என்பது பத்து வருடத்துக்கு முன் கனவில்கூட இல்லை. நியூரோமேட்ச் அகாடமி 2020இலிருந்து கணிப்பு நியூரோசயின்ஸை இணையத்திலேயே கற்றுத்தருகிறது. பாடப்புத்தகம் வாங்கக் காசில்லை என்றால், ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முழு நியூரோசயின்ஸ் பாடநூலையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

எந்த முறையைக் கற்றுக்கொள்வது என்று கேட்டால் என் பதில்: ஏதாவது ஒன்றை ஆழமாக. திசுவைச் சீவிச் சாயமேற்றுவது, எலியின் நடத்தைச் சோதனை, மூளை அலைகளை அளக்கும் இஇஜி பதிவு, தரவு அலசல் இவற்றில் ஒன்று உங்கள் கையில் சுத்தமாக வந்தால் போதும். பதினைந்து முறைகளின் பெயரை பயோடேட்டாவில் அடுக்குகிறவரை நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: தேர்வுகள்

ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டின் உயிர் அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100, மூன்றாவது பகுதியில் இருக்கிறது. அங்கே 75 கேள்வியில் 25 எழுதினால் போதும். நரம்பு மண்டலம் விலங்கு உடலியல் அலகில் வருகிறது. மூலக்கூறு உயிரியலும் செல் உயிரியலும் தெரியாமல் அதை மட்டும் படித்துத் தேற முடியாது. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வாடகைப் படி தனி. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கு நேரடியாகவும் பயன்படுத்தலாம்: 70 சதவீதம் தேர்வுக்கு, 30 சதவீதம் நேர்முகத்துக்கு.

இது தவிர மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியின் பெட் தேர்வு, ஐசிஎம்ஆர் ஜேஆர்எஃப், கேட் தேர்வு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் ஜிஇபில்ஸ். கடைசியில் சொன்னது மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு அல்ல. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தாலே தெரியும். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்சிபிஎஸ் போன்ற இடங்களுக்குப் போக நினைப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: எங்கே போவது

நம் பக்கத்துக்கு மிக நெருக்கமான பெரிய இடம் பெங்களூர். அங்குள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 1974இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. ஓசூர் சாலையிலேயே இருப்பதால் சேலம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வழி கேட்கத் தேவையிருக்காது. நோயாளியும் லேபும் ஒரே வளாகத்தில் இருப்பது அதன் பலம். நரம்பு உடலியல், நரம்பு வேதியியல், உயிர் இயற்பியல், மனித மரபியல் எனத் தனித்தனித் துறைகள், கூடவே தானமாகக் கிடைத்த மனித மூளைகளைப் பாதுகாக்கும் மூளை வங்கி. ஐஐஎஸ்சியின் நியூரோசயின்ஸ் மையம் 2009இல் தொடங்கியது. அதே வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுராவின் கிராமத்து மக்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து, முதுமையில் மூளை எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறது. தோட்டங்காட்டு மக்களைப் பற்றி ஆராய ஆசை இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வேலை இது.

என்பிஆர்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ அறிவியல் நிறுவனம், சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது வேலூரில்தான்.

உள்ளூரிலேயே இருக்க வேண்டிய நிலை சிலருக்கு உண்டு. அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும், தோட்டம் இருக்கிறது, குழந்தை சின்னது. அதில் தப்பே இல்லை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறை இருக்கிறது. பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரி, எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் மற்ற மருத்துவக் கல்லூரிகள், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்று தேடலாம். இங்கே சேர்ந்தால் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: வெளியூரில் ஒரு நரம்பியல் லேபில் கோ-கைடு ஒருவர் வேண்டும், ஆறு மாதமாவது அங்கே போய் வேலை செய்ய அனுமதி வேண்டும். சேரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

படி 6: கைடைத் தேர்ந்தெடுப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதல் வேலை, இந்தியப் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் அவருடைய பழைய மாணவர்களின் தீசிஸ்களைத் தேடுவது. எப்போது பதிவு செய்தார்கள், எப்போது முடித்தார்கள் என்பது பலவற்றில் இருக்கும். யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மாணவருக்கு மாணவர் எட்டு வருடம் இழுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்து, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அவருடைய கட்டுரைகளைப் பாருங்கள். மாணவர்களின் பெயர் முதலில் வருகிறதா? கடைசி நான்கைந்து வருடத்தில் புதிதாக ஏதாவது இருக்கிறதா? காசு கட்டினால் ஒரு வாரத்தில் அச்சடிக்கும் இதழ்களிலேயே பட்டியல் நிறைந்திருந்தால் ஒதுங்குங்கள்.

அப்புறம் மெயில். பத்து வரிக்கு மேல் போகாதீர்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேரும் கண்டுகொள்வார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு உண்மையான கேள்வி, உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு வேலை, தேர்வு மதிப்பெண், எப்போது சேர முடியும் என்பது; இவ்வளவுதான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவரிடமும், முடித்துப் போன ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அக்கா, அண்ணா என்று மரியாதையோடு கேட்டால் நம் ஊர்க்காரர்கள் மனம்விட்டுச் சொல்வார்கள். "சார் நல்லவருங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். வாரத்துக்கு எத்தனை முறை அவரோடு உட்கார்ந்து தரவு பார்க்கிறீர்கள், கட்டுரையின் முதல் வரைவைத் திருத்த எவ்வளவு காலம் எடுப்பார், ஃபெல்லோஷிப் முடிந்தபின் யார் சம்பளம் கொடுத்தார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போக விடுப்பு கேட்டால் என்ன சொல்வார், கடைசியாக லேபை விட்டுப் போனவர் ஏன் போனார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு நொடி மௌனம் வந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற, சதா பயணத்தில் இருக்கும் பேராசிரியரா, புதிதாக லேப் தொடங்கிய இளையவரா என்றால் நான் இளையவர் பக்கம். அவர் உங்கள் பக்கத்தில் நின்று பிப்பெட் பிடிப்பார். உங்கள் வேலை நின்றால் அவர் வேலையும் நிற்கும். ஆனால் அவரிடம் குறைந்தது மூன்று வருடத்துக்கான ஆய்வு நிதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: நேர்முகம்

உங்கள் பிராஜெக்டிலிருந்துதான் பெரும்பாலும் கேட்பார்கள். ஏன் இந்த டோஸ், ஏன் இத்தனை எலி, கட்டுப்பாட்டுக் குழு எது, இந்த முடிவை வேறு எப்படி விளக்கலாம். "மேடம் சொன்னாங்க, செஞ்சேன்" என்பது பதில் ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று யோசித்துக் காட்டுங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறுவது பற்றிக் கவலை வேண்டாம். கரும்பலகையில் படம் போட்டு விளக்குங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அப்படித்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

படி 8: சேர்ந்த பிறகு

முதல் வருடம் கோர்ஸ்வொர்க், 12 முதல் 16 கிரெடிட் வரை. டாக்டோரல் கமிட்டி அமையும். எலியைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி; மனிதர்களிடம் ரத்தம் எடுப்பதற்கோ கேள்வித்தாள் கொடுப்பதற்கோகூட மனித நெறிக்குழு அனுமதி. மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். இந்த அனுமதிகளுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கோர்ஸ்வொர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நீங்களே எழுதுங்கள். பவானி ஆயாவுக்குப் புரியாத தமிழில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது.

இரண்டாம் வருடம் பெரும்பாலும் எதுவும் வேலை செய்யாது. அது எல்லாருக்கும் நடப்பது. லேப் நோட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள், தரவை இரண்டு இடத்தில் வையுங்கள்.

படி 9: வெளிநாடு

திருப்பூர், கோவைப் பக்கம் ஏஜென்ட்டுகள் சொல்லாத ஒரு விஷயம்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் நியூரோசயின்ஸ் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். நிலத்தை அடமானம் வைத்துப் போகும் எம்.எஸ். வேறு, இது வேறு. எம்.எஸ்சி. இல்லாமல் நான்கு வருட இளங்கலையோடும் விண்ணப்பிக்கலாம். முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை செய்துவிட்டுத்தான் கைடைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தியாவில் பலர் இழப்பது இந்தச் சுற்றைத்தான். இரண்டாம் வருடம் தகுதித் தேர்வு, மொத்தம் ஐந்தாறு வருடம்.

சிக்கலும் உண்டு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சின் பயிற்சி நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பு உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. அதனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் குறைவு. 2025இல் என்ஐஎச் நிதி ஆட்டம் கண்டபோது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி கொடுத்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது. ஒரே நாட்டை நம்பியிருக்காதீர்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆங்கிலத்திலேயே எம்.எஸ்சி.–பிஎச்.டி. நடத்துகின்றன.

படி 10: வீட்டில் பேசுவது

இதைத் தேர்வுக்குப் படிப்பதைப் போலவே தயார் செய்யுங்கள். "எப்பக் கண்ணு சம்பாதிப்பே?" என்று அப்பா கேட்டால் 37,000 என்ற எண்ணை எழுதிக் காட்டுங்கள், அது படிப்புச் செலவு அல்ல, வருமானம். ஆனால் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும் என்பதையும் சேர்த்தே சொல்லி, நான்கு மாதச் செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு இடையில் வரும். பெண் ஆய்வாளர்களுக்கு ஆறு வருடத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருடம் வரையும், மகப்பேறு விடுப்பும் விதியிலேயே உண்டு என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லலாம். முடித்தபின் பேராசிரியர் வேலை மட்டும்தான் என்றில்லை. மருந்து நிறுவனங்களின் மருத்துவச் சோதனைப் பிரிவு, மருத்துவக் கருவி, தரவு அறிவியல், அறிவியல் எழுத்து என்று போகிறார்கள். எல்லாருக்கும் பேராசிரியர் நாற்காலி இல்லை என்பதை முதல் வருடத்திலேயே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

காலக்கணக்கு

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் ஜூன் மாதம் தொடங்கினால்: ஜூலை, ஆகஸ்ட்டில் பத்து கைடுகளின் பட்டியல், சோத்கங்கா தேடல். செப்டம்பரில் கேட் விண்ணப்பம், முதல் மெயில்கள். அக்டோபர், நவம்பரில் அகாடமி ஃபெல்லோஷிப், அமெரிக்க விண்ணப்பங்கள். அவற்றில் பலவற்றுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். டிசம்பரில் ஜிஇபில்ஸும் நெட்டும், பிப்ரவரியில் கேட். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் ஐஐஎஸ்சி, நிம்ஹான்ஸ், என்பிஆர்சி அறிவிப்புகளை அந்தந்தத் தளங்களில் வாரம் ஒரு முறை பாருங்கள். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும். மே, ஜூனில் நேர்முகம். கோவையிலிருந்து பெங்களூருக்குக் காலையில் கிளம்பும் ரயில்கள் இருந்தாலும், முந்தின நாளே போய்ச் சேருங்கள். அசல் சான்றிதழ்களோடு சாதிச் சான்றிதழின் மத்திய அரசு வடிவத்தையும் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டு வடிவத்தை மட்டும் காட்டினால் ஓபிசி இடஒதுக்கீட்டுக்கு ஏற்க மாட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் அதை வாங்கச் சில வாரம் ஆகலாம் என்பதால் மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.